கோகுவின் குரல்: நாடக மேடையிலிருந்து வந்த மசாகோ நொசாவா

கேள்வி இதுதான்: "டிராகன் பால் என்ற அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன் தொடரில்) கதாநாயகன் கோகுவுக்கு ஜப்பானிய மொழியில் குரல் கொடுப்பவர் எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி என்கிறார்களே, உண்மையா? நாடக நடிகையாக இருந்தவர் அனிமேக்கு எப்படி வந்தார்? இந்த வயதிலும் எப்படிக் கத்திப் பேச முடிகிறது?"

உண்மைதான். அவர் பெயர் மசாகோ நொசாவா. 1936 அக்டோபர் 25 அன்று டோக்கியோவில் பிறந்தவர். 1986 பிப்ரவரியில் டிராகன் பால் டிவியில் தொடங்கிய நாளிலிருந்து ஜப்பானில் கோகு என்றால் அவர் குரல்தான். 2024 அக்டோபரில் டிராகன் பால் டைமா ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதே மாதத்தில் அவருக்கு 88 வயது நிறைந்தது. அந்தக் கதையில் கோகு மறுபடியும் சின்னப் பையனாகிவிடுவான். அந்தப் பையனுக்கும் அவர்தான் பேசினார்.

அவரைப் பற்றிப் பேசும் எல்லோரும் வயதைச் சொல்லித்தான் வியக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவர் இந்தத் தொழிலுக்கு வந்த விதம். குரல் கொடுக்கும் வேலையைத் தேடி அவர் வரவில்லை. நாடகக் குழுவிடம் காசு இல்லை. குழுவைக் காப்பாற்ற வந்தார். அந்த மேடைப் பயிற்சிதான் இன்றுவரை கோகுவை நிறுத்தி வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

அப்பா ஓவியர். அத்தை ஒருவர் பேசாப்பட காலத்து நடிகை. அவர் மூலமாக மூன்று வயதிலேயே ஷோச்சிக்கு கம்பெனிப் படங்களில் குழந்தை நட்சத்திரமாக நடிக்கத் தொடங்கிவிட்டார் மசாகோ. பிறகு போர் வந்தது. டோக்கியோவை விட்டுக் குடும்பம் குன்மா மாகாணத்தில் நுமாதா என்ற ஊருக்குப் போனது. பள்ளிப் படிப்பு அங்கே. ஆனால் நடிப்பு ஆசை டோக்கியோவை நோக்கியே இழுத்தது. திரும்பி வந்து தோகெய் என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார்.

அன்றைய டோக்கியோவில் நவீன நாடகக் குழுக்கள் நிறைய. ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணம்தான் இல்லை. அரங்க வாடகை, விளக்கு, உடை, செட் என்று செலவு முன்னால் போகும். டிக்கெட் வசூல் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். நடிகர்களே ஆளுக்கு இத்தனை டிக்கெட் என்று தலையில் ஏற்றிக்கொண்டு விற்பது ஜப்பானியச் சிறு குழுக்களில் இன்றும் உள்ள வழக்கம். ஒரு நாடகம் போட்டு முடித்தால் அடுத்த நாடகத்துக்கு வேறு எங்காவது சம்பாதித்து வர வேண்டும். அந்த "வேறு எங்காவது" என்ற இடத்தில் வந்து நின்றது தொலைக்காட்சி.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜப்பானிய அனிமே குரல் நடிப்பின் வேரே இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஜப்பானில் டிவி ஒளிபரப்பு தொடங்கியது 1953-ல். சினிமாக் கம்பெனிகளுக்கு அது போட்டி. 1956-ல் பெரிய கம்பெனிகள் தங்கள் படங்களை டிவிக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தன. ஒப்பந்தத்தில் இருந்த நட்சத்திரங்களும் டிவி பக்கம் எளிதில் தலைகாட்ட முடியாது. டிவிக்காரர்கள் என்ன செய்வார்கள்? நேரத்தை நிரப்ப அமெரிக்கத் தொடர்களை வாங்கினார்கள். வாங்கியதை ஜப்பானிய மொழியில் பேச வைக்க நடிகர்கள் வேண்டும். சினிமா நடிகர்கள் வர மாட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வானொலி நாடகக்காரர்களும், காசுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த மேடை நாடகக்காரர்களும்தான். குழுவுக்குக் குழு ஆள் கேட்டு வந்தார்கள். நொசாவாவின் குழுவுக்கும் வந்தார்கள்.

அன்றைய டப்பிங் எப்படி இருந்தது என்று தெரிந்தால் வியர்த்துவிடும். தொடக்க காலத்தில் அது நேரடி ஒளிபரப்பு. முன்கூட்டியே குரலைப் பதிவு செய்து படத்தோடு ஒட்டும் வேலை எல்லா இடத்திலும் வந்திருக்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்; அதே நேரத்தில் ஸ்டுடியோவில் நடிகர்கள் மைக் முன்னால் நின்று பேசுவார்கள்; அது அப்படியே வீடுகளுக்குப் போகும். ஒருவர் வரியைத் தவறவிட்டால் திரையில் வெள்ளைக்காரர் வாயசைத்துக்கொண்டிருப்பார், சத்தம் வராது. இருமல் வந்தால் அதுவும் ஒளிபரப்பாகும். கையில் இருக்கும் காகிதத்தைச் சலசலக்காமல் புரட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் பேசி முடித்ததும் காலடி ஓசை கேட்காமல் அவர் விலக, இவர் மைக்குக்குள் நுழைய வேண்டும். கண் திரையில், இன்னொரு கண் வசனத்தில், காது சக நடிகர்மேல். ரீடேக் கிடையாது. இந்த வேலையை அன்று செய்யக்கூடியவர்கள் தினமும் ஜனங்கள் முன்னால் நின்று தப்பினாலும் சமாளித்துப் பழகிய மேடை நடிகர்கள்தான்.

அடுத்த சிக்கல் சிறுவர் பாத்திரங்கள். அமெரிக்கத் தொடர்களில் பையன்கள் நிறைய வருவார்கள். நிஜப் பையனைக் கூட்டிவந்தால், நேரடி ஒளிபரப்பில் அவனால் வசனத்தைப் படித்துக்கொண்டே வாயசைவுக்குப் பேச முடியாது. இரவில் குழந்தைகளை வேலை வாங்கச் சட்டமும் இடம் கொடுக்காது. தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பையனுக்குக் குரல் உடைந்துவிட்டால் அது வேறு தலைவலி. வளர்ந்த ஆண் பேசினால் பையன் மாதிரி இருக்காது. அப்போது ஒரு யோசனை வந்தது: இளம்பெண்ணைப் பேச வைத்தால் என்ன? அதற்கான ஆடிஷனுக்குக் குழுவிலிருந்து நொசாவாவை அனுப்பினார்கள். தேர்வானார். வெளிநாட்டுத் தொடரில் சிறுவனுக்குக் குரல் கொடுத்த முதல் பெண்களில் தானும் ஒருத்தி என்பதை அவர் பேட்டிகளில் சொல்வதுண்டு.

தமிழ் சினிமாவிலும் சிறுவர்களுக்குப் பெண் டப்பிங் கலைஞர்கள் பேசுவது நமக்குப் பழகியதுதான். ஜப்பானில் அது ஒரு பெரிய நடிப்பு மரபாகவே வளர்ந்துவிட்டது. 1963-ல் தொடங்கிய அனிமே தொடரின் நாயகன் அஸ்ட்ரோ பாய்க்குக் குரல் மரி ஷிமிசு. இன்றைய புகழ்பெற்ற அனிமே நாயகர்களில் லூஃபிக்கு மயூமி தனாகா, நருட்டோவுக்கு ஜுன்கோ தகேஉச்சி, கோனனுக்கு மினாமி தகயாமா. எல்லோரும் பெண்கள். இந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் நொசாவா.

ஒரு நாடக நடிகைக்கு இது என்ன கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். மேடையில் உடம்பு தெரியும். வயது தெரியும், உயரம் தெரியும். இருபது வயதுப் பெண் பத்து வயதுப் பையனாக வந்தால் சில வகை நாடகங்களில் மட்டும்தான் பார்வையாளர் ஏற்பார். மைக் அந்தத் தடையை எடுத்துவிட்டது. மேடை தர மறுத்த பாத்திரங்களை எல்லாம் அவர் மைக் முன்னால் நடித்தார்.

அனிமேயில் முதல் பெரிய கதாநாயகன் வேடம் 1968 ஜனவரியில் வந்தது. ஷிகெரு மிசுகியின் பேய்க்கதைச் சித்திரத் தொடரைத் தோயெய் நிறுவனம் கறுப்பு வெள்ளை அனிமேயாக எடுத்தது: கெகெகெ நோ கிடாரோ. பேய்க் குலத்தில் பிறந்து மனிதர்களுக்கு உதவும் ஒற்றைக்கண் பையன் கிடாரோ. அவனுக்குக் குரல் நொசாவா. அப்போது அவருக்கு 31 வயது. அந்தக் கிடாரோவைக் கேட்டால், பின்னாளைய கோகுவின் உற்சாகம் அதில் இருக்காது. கொஞ்சம் ஒதுங்கி நிற்கும், தனிமை தெரிந்த பையன். ஒரே நடிகை என்று சொன்னால்தான் நம்புவீர்கள்.

அதற்குப் பிறகு எழுபதுகள் முழுக்கப் பையன்கள்தான். 1970-ல் இனாகப்பே தாய்ஷோ, 1972-ல் சட்டையில் ஒட்டிக்கொண்ட தவளையோடு திரியும் ஹிரோஷி, 1977-ல் ரஸ்கல் என்ற ரக்கூன் குட்டி. அந்தக் குட்டிக்கு வசனமே இல்லை, சத்தம் மட்டும்தான். 1980-ல் டாம் சாயர்.

நடுவில் ஒரு சுவாரசியமான செய்தி. டோரேமானுக்கும் அவர் குரல் கொடுத்திருக்கிறார். 1979-ல் தொடங்கி உலகம் முழுக்கப் போன தொடர் வேறு. அதற்கு முன் 1973-ல் ஒரு டோரேமான் தொடர் ஆறு மாதம் ஓடி நின்றுபோனது. அதில் முதல் பாதிக்குக் கோசெய் தொமிதா என்ற ஆண் நடிகர், பிற்பாதிக்கு நொசாவா.

1979-லிருந்து 2005 வரை டோரேமானாகப் பேசிய நொபுயோ ஓயாமாவும் மேடைப் பயிற்சியில் வந்தவர்தான். ஹையூசா என்ற புகழ்பெற்ற நாடக அமைப்பின் நடிப்புப் பள்ளியில் படித்தவர். அவருடைய கரகரப்பான குரலைப் பள்ளியில் கேலி செய்தார்களாம். வாய்மூடி இருந்த மகளிடம், குரலை ஒளித்து வைக்காதே, பயன்படுத்து என்று அம்மா சொல்ல, பள்ளியின் ஒலிபரப்புக் குழுவில் போய்ச் சேர்ந்தார். 2024 செப்டம்பரில் 90 வயதில் காலமானார். லூபன் தொடரின் கதாநாயகனுக்குப் பேசிய யசுவோ யமாதா தியேட்டர் எக்கோ என்ற நாடகக் குழுக்காரர். அந்தத் தலைமுறையில் யாரைத் தொட்டாலும் பின்னால் ஒரு மேடை இருக்கும். அவர்கள் தங்களை நடிகர்கள் என்றே நினைத்தார்கள். மைக் அவர்களுக்கு இன்னொரு மேடை.

அந்த வேலைக்குக் கிடைத்த கூலி மட்டும் நடிகர்களுக்கான கூலி மாதிரி இருக்கவில்லை. மிகக் குறைவு. மறு ஒளிபரப்புக்குப் பணமும் கிடையாது. 1973 ஆகஸ்டில் குரல் நடிகர்கள் டோக்கியோ தெருவில் ஊர்வலம் போனார்கள், ஒரு நாள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். அதன் பிறகு ஊதியம் ஏறக்குறைய மூன்று மடங்கானது. இன்று அனிமே நடிகர்களுக்குக் கச்சேரி, பத்திரிகை அட்டை எல்லாம் இருக்கிறது. அந்த மரியாதைக்கு முதல் படி இந்த ஊர்வலம் என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

1978-ல் கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999. லெய்ஜி மட்சுமோட்டோவின் கதை. இயந்திர உடம்பு வேண்டும் என்று விண்வெளி ரயிலில் ஏறும் டெட்சுரோ என்ற பையனுக்கு நொசாவா, உடன் பயணிக்கும் மேட்டல் என்ற மர்மப் பெண்ணுக்கு மசாகோ இகேதா. 1979-ல் ரின்தாரோ இயக்கிய திரைப்படமும் வந்தது. பதின்ம வயதினர் கூட்டம் கூட்டமாக அனிமே பார்க்கவும், குரல் கொடுப்பவர்களின் பெயரைத் தேடிப் பிடிக்கவும் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். டெட்சுரோவின் குரலில் அவர் வைத்திருக்கும் விசும்பலைக் கேட்க வேண்டும். அழுகையை முழுசாக வெளியே விட மாட்டார். அழக்கூடாது என்று முடிவெடுத்த பையன் தொண்டையில் அடக்குவது அப்படியே கேட்கும்.

அப்புறம் கோகு. அகிரா தொரியாமாவின் சித்திரக் கதையை அனிமேயாக எடுக்க ஆடிஷன் நடந்தது. பதிவுகளைக் கேட்ட தொரியாமா நொசாவாவைத் தேர்ந்தெடுத்தார். அப்போது கோகு வாலுள்ள காட்டுப் பையன், அதனால் பெண் குரல் இயல்பாகப் பொருந்தியது. சிக்கல் பிறகுதான் வந்தது. கதையில் கோகு வளர்ந்தான், கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றான். 1989-ல் டிராகன் பால் இசட் தொடங்கும்போது அவன் தோள் விரிந்த பெரிய ஆள். ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் இந்த இடத்தில் ஆண் நடிகருக்கு மாறிவிட்டார்கள். இந்தியாவில் பலரும் அந்த ஆண் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஜப்பானில் மாற்றவில்லை.

முதல் தடவை ஜப்பானிய ஒலியில் கேட்பவர்களுக்கு இது இடிக்கும். கட்டுமஸ்தான உடம்புக்கு இந்தக் குரலா என்று தோன்றும். பத்து அத்தியாயம் பொறுத்துக் கேளுங்கள். கோகு உலகத்தையே காப்பாற்றினாலும் உள்ளே இன்னும் அந்தக் காட்டுப் பையன்தான். பசி, சண்டை, நட்பு, அவ்வளவுதான் அவன் மனசு. அது வெளியே தெரிவதே இந்தக் குரலால்தான். ஆண் குரல் பதிப்புகளில் கோகு கொஞ்சம் வழக்கமான வீரனாகிவிடுகிறான். இது என் கணிப்பு. ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றலாம்.

இத்தோடு முடியவில்லை. கோகுவின் மகன் கோஹான், இரண்டாவது மகன் கோட்டென், கோகுவின் அப்பா பார்டாக், எல்லோருக்கும் நொசாவாவே. மூன்று தலைமுறையும் ஒரே தொண்டை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து பின்னால் சேர்ப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் அப்படிச் செய்வதில்லை; ஒரே ஓட்டத்தில் அப்பாவாகக் கேட்டு மகனாகப் பதில் சொல்லிக்கொண்டு போகிறார். திரையில் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆளாகிவிடுகிறேன் என்பதுதான் அவர் பலமுறை தரும் விளக்கம்.

இதற்குச் சரியான உதாரணம் 1993-ல் ஒளிபரப்பான, செல் என்ற வில்லனோடு நடக்கும் சண்டையின் முடிவு. கோகு ஏற்கெனவே இறந்துவிட்டான். கோஹான் ஒரு கை அடிபட்டு, தளர்ந்து, ஒற்றைக் கையால் கமேஹமேஹா என்ற சக்திக் கதிரைச் செலுத்திக்கொண்டிருக்கிறான். மேலுலகத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்கிறது: பயப்படாதே, உன் முழு பலத்தையும் விடு என்கிற தொனியில். இந்தக் காட்சியைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். கோகுவின் வரிகளில் மூச்சு நிதானமாக இருக்கும், வாக்கியக் கடைசி தரையில் கால் ஊன்றி நிற்கும். கோஹானின் வரிகளில் மூச்சு பாதியில் அறுந்து அறுந்து வரும், சொல் மேலே ஏறி நடுங்கும். சுருதி வித்தியாசம் பெரிதாக இல்லை. வித்தியாசம் மூச்சில்தான். இறந்தவனுக்கு அவசரம் இல்லை, உயிரோடு இருப்பவனுக்கு இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே பெண் என்பது மறந்தே போகும்.

மேடைப் பயிற்சி இங்கே எப்படி உதவுகிறது என்பதற்கு ஸ்டுடியோ நடைமுறையைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் பெரும்பாலும் படம் முழுசாக வரைந்து முடிவதற்குள் குரல் பதிவு வந்துவிடும். திரையில் பென்சில் கோடுகள் மட்டும் இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. இந்தப் பாத்திரம் இப்போது பேசுகிறது என்று காட்ட ஒரு வண்ணக் கோடு வந்து மறையும், அவ்வளவுதான். முகம் எப்படி இருக்கும், எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், அடி எங்கே விழுந்தது, எல்லாவற்றையும் நடிகரே கற்பனை செய்ய வேண்டும். ஒன்றும் இல்லாத மேடையில் கடலும் மழையும் இருப்பதாக நம்பி நடித்தவருக்கு இது புதிதல்ல.

இன்னொன்று, அமெரிக்காவில் ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பதிவு செய்வது வழக்கம். ஜப்பானில் கொரோனாவுக்கு முன்புவரை எல்லோரும் ஒரே அறையில் கூடி, மூன்று நான்கு மைக்குகளை மாறி மாறிப் பகிர்ந்து, அத்தியாயத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டுவார்கள். எதிரில் இருப்பவர் சத்தம் போட்டால் நம் உடம்பு தானாகப் பதில் சொல்லும். அது ஒத்திகை அறைதான், வேறொன்றுமில்லை. டிராகன் பால் சண்டைக் காட்சிகளின் வேகம் படத்தில் பாதி என்றால், மீதி அந்த அறையில் உருவானது.

"இந்த வயதிலும் எப்படி" என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. தொண்டையால் கத்துபவர் சீக்கிரம் குரலை இழப்பார். கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று மைக் இல்லாத மேடையில் பழகியவர் அடிவயிற்று மூச்சில் கத்துவார். கோகு பலம் பெருகி சூப்பர் சையன் என்ற வடிவத்துக்கு மாறும்போது வரும் அந்த நீண்ட அலறல் அப்படி வருவதுதான். அவர் மேடையையும் விட்டுவிடவில்லை. புகழ் வந்த பிறகு மூன்லைட் என்ற நாடகக் குழுவைத் தானே நடத்தினார். நாடகத்துக்காகச் சம்பாதிக்க வந்த இடம் பேர் வாங்கிக் கொடுத்த பிறகும் நாடகத்துக்கே செலவு செய்தார் என்பது எனக்கு அவர்மேல் உள்ள மதிப்புக்கு முக்கியக் காரணம்.

2017-ல் கின்னஸ் அவரைச் சாதனையாளராக அறிவித்தது: வீடியோ கேம்களில் ஒரே பாத்திரத்துக்கு மிக நீண்ட காலம் குரல் கொடுத்தவர், 23 ஆண்டு 218 நாள். அது விளையாட்டுக் கணக்கு மட்டும். டிவியையும் சேர்த்தால் இன்னும் நீளம். ஆனால் அதைவிட என்னை அசைத்தது 2018-ல் நடந்தது. கெகெகெ நோ கிடாரோவின் ஆறாவது தொடர் தொடங்கியது. கிடாரோவுக்கு மியுகி சவாஷிரோ என்ற அடுத்த தலைமுறை நடிகை. கிடாரோவின் அப்பா, உடம்பெல்லாம் போய் ஒற்றைக் கண் விழியாக மட்டும் மிஞ்சி, மகன் தலைமுடிக்குள் உட்கார்ந்து யோசனை சொல்லும் பாத்திரம். அதற்கு 81 வயது நொசாவா. ஐம்பது ஆண்டுக்கு முன் மகனாக நின்ற அதே கதையில் அப்பாவாகத் திரும்பி வந்தார்.

கேட்டுப் பார்க்க விரும்பினால் இந்த வரிசையில் போங்கள். முதலில் 1979-ன் கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999 திரைப்படம். தனியாக ஒரு படம் என்பதால் முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். அடுத்து டிராகன் பால் இசட் செல் சண்டையின் கடைசி அத்தியாயங்கள், கட்டாயம் ஜப்பானிய ஒலியில், ஆங்கில வசனவரியோடு. பிறகு 2018 கிடாரோவில் ஏதாவது ஒரு அத்தியாயம். டோரேமானின் 1973 தொடரைத் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள், அதைப் பார்ப்பது மிகக் கடினம்.